இளஞ்சிவப்பு கவுனில் என் மாமியார்

பேருந்து சிக்னலில் நின்றது. எதிரே புதிதாகத் திறந்த பெரிய துணிக்கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் என் மாமியார் இளஞ்சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவரை வீட்டில், சமையலறை ஜன்னலோரம், முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கவிட்டு வந்திருந்தேன். எழுபதைத் தொடப்போகிறவர். முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கை ஏறினாலே இழுத்துவிட்டுக்கொள்கிறவர். அந்த மனுஷி இங்கே இரண்டு தோளும் தெரிய, பிடியளவு இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையில் சுருள் சுருளாகச் செம்பட்டை முடியோடு நிற்கிறார். உடம்பு இருபது வயதுப் பெண்ணுடையது. முகம் மட்டும் சாட்சாத் அவருடையது. "கேஸை அணைச்சியா?" என்று கேட்பாரே, அதே முகம்.

"இறங்கணும்! இறங்கணும்!" என்று கத்தினேன்.

"சிக்னல்ல இறங்கக் கூடாதும்மா" என்றார் நடத்துனர்.

"என் மாமியார் அங்க நிக்கிறாங்க!"

அவர் மறுபேச்சுப் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். மாமியார் என்ற சொல்லுக்கு எந்தக் கதவும் திறக்கும்போல.

சாலையைக் கடந்து ஓடினேன். கண்ணாடிக்கு முன்னால் ஏற்கெனவே கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பையும் கையுமாக நின்று, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க பெரியம்மா மாதிரியே இருக்காங்க" என்றாள் ஒருத்தி. "நம்மளைத் திட்டப் போற மாதிரி இல்ல?" என்றார் பக்கத்தில் நின்றவர். யாரும் கவுனைப் பார்க்கவில்லை. ஒருவர் செருப்பைத் துடைத்துக்கொண்டே, "நான் ஒண்ணும் பண்ணலியே" என்று பொம்மையிடம் சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த முகத்தைச் செய்தது நான்.

நான் துணிக்கடை பொம்மைகள் செய்யும் பட்டறையில் முகம் எழுதுகிறவள். அச்சிலிருந்து வெளியே வரும் பைபர் தலைகளை ஒரு அக்கா உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார். அவரை எல்லாரும் உப்புத்தாள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தேய்த்துத் தந்த தலைக்கு நான் புருவம், கண், உதடு எழுத வேண்டும். பட்டறையில் பெண் முகத்துக்கு ஒரே அச்சுதான், எட்டாம் நம்பர். முதல் ஏழும் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. எட்டாம் நம்பர் அழகி. மூக்கு நேர்க்கோடு, கன்னத்தில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் அவள் முகம் நினைவுக்கு வராது. அப்படி ஒரு முகம்.

அதனால்தானோ என்னவோ எனக்கு உண்மையான முகம் செய்ய வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு வாளியில் களிமண் வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் சமையல் முடிந்ததும் மேடையைத் துடைத்துவிட்டு அங்கேயே பிசைய ஆரம்பிப்பேன். எத்தனை வெயில் அடித்தாலும் அந்த மண் காயாது. நல்ல மண் தந்தார் என்று விற்றவரைப் பலமுறை வாழ்த்தியிருக்கிறேன்.

மண் நன்றாக இருந்து என்ன செய்ய? கை நன்றாக இருக்க வேண்டுமே. என் வீட்டுக்காரரை ஒருமுறை முழுசாகச் செய்து, ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு, நம்ம தெருமுனை டீக்கடைக்காரரா?" என்றார். தன் முகமே தெரியாத மனுஷனை என்ன சொல்வது? ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு அரிப்பு. ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ? ஒருவேளை எனக்கு வருவது எட்டாம் நம்பர் மட்டும்தானோ? மண்ணைத் தொடும்போதெல்லாம் இந்தக் கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி தேய்ந்து, வேலைக்குப் போகும் நாட்களைவிடப் போகாத நாட்கள் அதிகமாகிவிட்டன. மகள் படிப்பு இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து முதலாளி என்னைப் பேக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராகக் கூப்பிட்டார். சம்பளம் நன்றாகவே கூடும். ஆனால் தூரிகைக்கு அங்கே வேலை இல்லை, அட்டைப்பெட்டியோடுதான் வாழ்க்கை. விடுமுறை நாட்களிலும் லோடு ஏற்ற நிற்க வேண்டும். மண்ணுக்கு நேரமே இருக்காது.

"உன் இஷ்டம்தான்" என்றார் வீட்டுக்காரர், முட்டியைத் தடவிக்கொண்டே. இஷ்டம் என்று சொல்லிக்கொண்டே முட்டியைத் தடவினால் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒரே ஒரு தலை. மண்ணில் இல்லை, பைபரில், கண் எழுதி, முழுசாக. அதோடு தலைமுழுகிவிடலாம் என்று நினைத்தேன்.

யார் முகம்? எனக்கு வேறு யார் கிடைப்பார்கள்? எப்போது பார்த்தாலும் சமையலறையில் எதிரே மாமியார்தான். அந்த முக்காலியை ஜன்னலோரம் போட்டு, வழியை மறித்து உட்கார்ந்திருப்பார். "அத்தை, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்களேன்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "எனக்கு இங்கதான் வெளிச்சம்" என்பார். பூண்டு உரிக்க என்ன வெளிச்சம் வேண்டியிருக்கிறது? பிடிவாதம். சாயங்காலமானால் கழுத்து வலிக்கிறது என்று தைலம் வேறு நான்தான் தேய்த்துவிட வேண்டும். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துத்தான் அவரைக் கள்ளத்தனமாகப் பார்த்துப் பார்த்து, வருஷக்கணக்கில் செய்து செய்து அழித்தேன். கடைசித் தடவை அழிக்கவில்லை. அதிலிருந்து அச்செடுத்து, பட்டறையில் மிச்சமான பைபர் பிசினை ஊற்றி வார்த்தேன். நிற்பதற்காக எட்டாம் நம்பரின் கழுத்து வளையத்தையே பொருத்தினேன். கண் எழுதி முடித்ததும் எனக்கே அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. துணிப்பையில் போட்டு, யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாதே என்று சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, அலமாரியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் பட்டறையில் வேலை முடியாத தலையின் பை திறந்து கிடக்கும். முடிச்சுப் போட்ட பை என்றால் போகத் தயார் என்று அர்த்தம். முகத்தில் கைபட்டுச் சாயம் கலைந்துவிடும் என்பதால் பேக்கிங்கில் அதைத் திறக்கவே மாட்டார்கள், பையை எண்ணித்தான் ஏற்றுவார்கள். கடையிலும் வந்த தலையை அப்படியே மாட்டிவிடுவார்கள். அந்த முடிச்சைத் தினமும் போடுகிற கை என்னுடையது. ஒளித்துவைக்கிறேன் பேர்வழி என்று, என் கையாலேயே என் மாமியாரை வண்டி ஏற்றிவிட்டேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று இதெல்லாம் புரிந்தபோது அவமானத்தில் முகம் எரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை அந்த முகத்தை நான் கை எட்டும் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். கண்ணாடிக்கு இந்தப்பக்கத்திலிருந்து, முன்பின் தெரியாத இத்தனை பேரோடு நின்று பார்த்தபோது அது உயிரோடு இருந்தது. இடது காது மட்டும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதோ என்று தோன்றியது. மற்றபடி உயிர். எனக்குப் பயமாக இருந்தது.

பட்டறைக்குள் நுழைந்தபோது முதலாளி தொலைபேசியில் இருந்தார். எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பெயர். அன்றைக்கு அவர் சரி சரி என்ற வேகத்திலேயே விஷயம் கடையிலிருந்து வந்துவிட்டது என்று தெரிந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா அந்தப் பாட்டி?"

"நான் செஞ்சதுதான் சார். தெரியாம போயிடுச்சு."

"காலையில இருந்து கடை வாசல்ல கூட்டமாம். ஒரு கவுன் விக்கலியாம். எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறாங்களாம்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பொம்மைக்கு மூஞ்சி எதுக்கு வைக்கிறோம் தெரியுமா? தலை இல்லாம நின்னா அசிங்கமா இருக்குமேன்னுதான். அதை எவனும் பார்க்கக் கூடாது. பார்த்தா துணியைப் பார்க்க மாட்டான். ஒன்பது வருஷமா நீ அதைத்தான் சுத்தமா செஞ்சுக்கிட்டிருந்தே. திடீர்னு என்ன ஆச்சு உனக்கு?"

என் கை நன்றாக இல்லையோ என்று இத்தனை காலம் பயந்திருந்தேன். இப்போது நன்றாக இருப்பதற்குத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"வண்டி போயிருக்கு. வேற தலை மாட்டிட்டு அதைக் கொண்டு வந்துடுவாங்க" என்றார் முதலாளி. "வந்ததும் வழக்கம்போல உடைச்சிடு. உடைச்சிட்டு வந்து பேக்கிங் சாவியை வாங்கிக்க. நான் மனசுல எதுவும் வெச்சுக்கல. சரி சரி, போ."

வழக்கம் என்பது இதுதான்: தப்பு விழுந்த தலையை, செய்தவரே நடுக்கூடத்து மேசையில் வைத்து, எல்லார் முன்னாலும் சுத்தியலால் உடைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தடவை கவனம் வரும் என்பது முதலாளி கணக்கு. மூக்கு கோணிய எட்டாம் நம்பர்களை நானே எத்தனையோ உடைத்திருக்கிறேன். தேங்காய் உடைப்பது மாதிரி, ஒன்றுமே தோன்றாது.

வேலையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பேசினேன். "நீ பட்டறைக்குள்ள காலை வெச்ச உடனே போன் பண்ணுவேன்னு பார்த்தேன், இவ்வளவு நேரமா உனக்கு?" என்றார் மாமியார். "கொண்டு வர்றேன், இரு." வேண்டாம் அத்தை, வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கே முடிந்தது? வண்டி தாமதமாகத்தான் வந்தது. பையைப் பிரித்து மேசைமேல் வைத்தார்கள். செம்பட்டை முடி இல்லாமல், மொட்டைத் தலையோடு என் மாமியார். பட்டறையே எழுந்து வந்து சுற்றி நின்றது.

"ஏன்டி, இது நீ செஞ்சதா?" என்றார் உப்புத்தாள் அக்கா. தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேறிய விரலால் அதன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். "இதையா உடைக்கச் சொல்றாங்க?"

சுத்தியலை என் கையில் கொடுத்தார்கள். தூக்கினேன். அந்தக் கண் என்னையே பார்த்தது. அந்தக் கண்ணை எழுதியவள் நானே என்றாலும், முதலாளி தரும் சாவி வேண்டும் என்றாலும், மகளின் படிப்பு, வீட்டுக்காரரின் முட்டி எல்லாம் நினைவில் இருந்தாலும், கை இறங்க மறுத்தது. உடைத்தால் இது போகும். இது போனால் இதோடு நானும் முடிந்தேன், இன்னொரு முகம் எனக்கு வராது. இது எப்படி வந்தது என்றே எனக்குத் தெரியாதே. அதுதான் பயம்.

"என்னம்மா கூட்டம்?" என்று வாசலில் குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். கையில் என் கண்ணாடிக் கூட்டோடு மாமியார் நின்றிருந்தார். திரும்பியவர்கள் மறுபடி மேசையைப் பார்த்தார்கள். மறுபடி வாசலைப் பார்த்தார்கள். உப்புத்தாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார்.

அதிராதவர் ஒருவர்தான். மாமியார் நேராக மேசைக்கு வந்தார். கண்ணாடியை என் கையில் திணித்தார். மேசைமேல் இருந்த தன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிப் பார்த்தார்.

"என் மண்டையை உடைக்கப் போறியா?" என்றார்.

"அத்தை..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. உடைக்கச் சொன்னது யாரு?"

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கவுன் விற்கவில்லை என்பதைச் சொன்னார். பட்டறை வழக்கத்தைச் சொன்னார். பேக்கிங் வேலையையும் சொன்னார். மாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்க போனா மூஞ்சி செய்வியா?"

"இல்ல அத்தை. அட்டைப்பெட்டிதான்."

"அப்புறம் எதுக்கு அந்த வேலை?"

"காசு..."

"காசு இருந்தப்போ மட்டும் என்னத்தைக் கிழிச்சோம்? இருக்கிறதை வெச்சு இழுத்துப் பிடிப்போம்." பிறகு மேசையைக் கை காட்டினார். "இப்ப இதை உடை."

"அத்தை, இது நீங்க."

"நான் இங்க நிக்கிறேன். அது பைபர். அவரு பட்டறைப் பிசினு, அவரு சட்டம். உடைச்சுக் கொடுத்துடு. ஏன், உன்னால இன்னொண்ணு செய்ய முடியாதா?"

அதை அவர் கேட்ட விதம் இருக்கிறதே, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வர முடியாதா என்கிற மாதிரி. இத்தனை வருஷமாக நான் என்னையே கேட்டுக் கேட்டுப் புழுங்கிய அதே கேள்வி. அவர் வாயில் வந்தபோது அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"முடியும்" என்றேன். என் குரல் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அடித்தேன். பைபர் லேசில் உடையாது. முதல் அடியில் இடது காது பெயர்ந்து பறந்தது. ஒவ்வொரு அடிக்கும் மாமியாரின் இமை துடித்தது, ஆனால் அவர் நகரவில்லை. உப்புத்தாள் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னம் விரிந்து, கண் இரண்டாகி, எல்லாம் வெறும் ஓடாகும்வரை அடித்தேன். சுத்தியலை வைத்துவிட்டு, "எனக்குச் சாவி வேண்டாம் சார். எட்டாம் நம்பரே எழுதுறேன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "சரி சரி" என்றார். "இன்னைக்கு வீட்டுக்குப் போ. நாளைக்கு வா."

மாமியார் குனிந்து பறந்துபோன காதைத் தேடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் அந்தக் காதை எடுத்து வெயிலில் பிடித்து, தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க. நீங்க மட்டும் அசையவே இல்லையே அத்தை" என்றேன்.

"நான் எதுக்கு அசையணும்? எனக்குத் தெரியாததா? எத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்."

"எங்க உக்காந்திருக்கீங்க?"

அவர் என்னை ஒரு அசட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முக்காலியிலதான். பூண்டு உரிக்க ஜன்னலோரம் எதுக்கு? நீ திருட்டுத்தனமா பார்க்கிறது எனக்குத் தெரியாதா? மூஞ்சியில வெளிச்சம் விழுந்தாத்தானே உனக்குத் தெரியும். நகரு நகருன்னு வேற உசிரை வாங்குவே. நகர்ந்தா நீ பாதியில விட்டதை எப்படிப் பிடிப்பே?"

நான் கையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடினேன்.

"அந்த வாளி மண்ணுக்குத் தினம் மத்தியானம் தண்ணி தெளிக்கிறது யாருன்னு நெனச்சே?" என்றார்.

"அப்போ... கழுத்து வலி?"

"ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்? நான் என்ன பொம்மையா?"

நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதேன். பிடிவாதம் என்று நினைத்தேனே. வழியை மறிக்கிறார் என்று எத்தனை நாள் முணுமுணுத்தேனே. எனக்கு யாருமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சமையலறையில், எதிரே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"சரி சரி, விடு, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார். பிறகு அந்தக் காதை என் உள்ளங்கையில் வைத்தார். "இது கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. அடுத்த தடவை மேல ஏத்து. அப்புறம் ஒண்ணு, அந்த முக்காலி இனி ஆகாது. சாஞ்சு உக்கார்ற மாதிரி நாற்காலி ஒண்ணு போடு."